எல்லை கடந்த கத்தரி: வெளிநாட்டுத் தணிக்கையும் தலித் கதைகளும்

2016 ஜூலை 22 அன்று வெளியான 'கபாலி' மதுரையில் ஒருவிதமாகவும் கோலாலம்பூரில் வேறொரு விதமாகவும் முடிந்தது. திருநகரிலிருந்து நகருக்குள் சென்று அப்படத்தைப் பார்த்தவர்கள் இருண்ட திரையில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையைக் கேட்டு, கபாலி இறந்தாரா, பிழைத்தாரா என்ற கேள்வியோடு வெளியே வந்தார்கள். மலேசியாவில் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லை. கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்ற வாசகம் அங்கே திரையில் காட்டப்பட்டது.

ஒரு நாட்டின் அரசு இன்னொரு நாட்டில் எடுக்கப்படும் திரைப்படத்தின் கதையையும், அதில் யார் நடிப்பது என்பதையும் எவ்வாறு தீர்மானிக்கிறது? அதன் விளைவு ஒடுக்கப்பட்ட மக்களின் கதைகள் மீது எவ்வாறு விழுகிறது? இவ்விரு கேள்விகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தணிக்கை எந்த இடத்தில் தொடங்குகிறது?

பெரும் பொருட்செலவில் எடுக்கப்படும் தமிழ்ப் படம் உள்நாட்டு வசூலை மட்டும் நம்பி எடுக்கப்படுவதில்லை. வெளிநாட்டுத் திரையரங்க உரிமை, இணைய ஒளிபரப்பு உரிமை, தொலைக்காட்சி உரிமை, இசை உரிமை ஆகியவை பெரும்பாலும் வெளியீட்டுக்கு முன்பே விற்கப்படுகின்றன. ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகியவை தமிழ்ப் படங்களின் பழைய சந்தைகள். இவை ஒவ்வொன்றிலும் அரசின் தணிக்கை அமைப்பு உண்டு. மலேசியாவில் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செயல்படுகிறது. குவைத்தில் தகவல் அமைச்சகம் அப்பணியைச் செய்கிறது.

இந்த அமைப்புகள் படச்சுருளை வெட்டும் தருணம் இறுதிக் கட்டம் மட்டுமே. உரிமையை வாங்கும் விநியோகஸ்தர் தம் பணம் முடங்குவதை விரும்பமாட்டார். 'இந்தக் காட்சி அங்கே தேறாது' என்ற சொல் படத்தொகுப்பு மேசைக்கு வருகிறது. அடுத்த படத்தில் அது திரைக்கதை விவாதத்துக்கே வந்துவிடுகிறது. அதற்கடுத்த படத்தில் யாரும் சொல்லவேண்டிய தேவையே இருப்பதில்லை. வெட்டப்பட்ட காட்சிக்கு ஓர் ஆணை இருக்கும். எழுதப்படாத காட்சிக்கு எந்தச் சான்றும் இராது. ஆகவே வெளிநாட்டுத் தணிக்கையின் உண்மையான அளவை, தடைசெய்யப்பட்ட படங்களை எண்ணி நாம் அறிந்துவிட இயலாது.

பழைய வரலாறு

இது புதிய வழக்கமன்று. 1930களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜெர்மனியின் தூதரக அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கிஸ்லிங், நாஜி அரசுக்கு ஒவ்வாத காட்சிகளை நீக்குமாறு ஹாலிவுட் நிறுவனங்களை வற்புறுத்தி வந்தார். ஜெர்மனியை இழிவுபடுத்தும் படத்தை எந்த நிறுவனம் எந்த நாட்டில் வெளியிட்டாலும், அந்நிறுவனத்தின் பிற படங்களுக்கும் அனுமதி மறுக்கலாம் என்ற 1932ஆம் ஆண்டின் விதியே அவருடைய ஆயுதம். ஒரு படத்துக்காக மொத்தச் சந்தையையும் இழக்கும் அச்சம் அன்றே விதைக்கப்பட்டது.

நம் மண்ணில் அன்றிருந்ததே வெளிநாட்டு அரசுதான். 1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டத்தைக் கொண்டு பிரிட்டிஷ் ஆட்சி தமிழ்ப் படங்களைத் தணிக்கை செய்தது. கே. சுப்பிரமணியம் இயக்கி 1939இல் வெளிவந்த 'தியாகபூமி' அதன் தேசியச் சார்புக்காகத் தடைசெய்யப்பட்டது. அதே படத்தில் சேரி மக்களுக்குப் புகலிடம் கொடுத்ததற்காக ஊரார் ஒருவரைச் சாதிநீக்கம் செய்யும் கதையும் இருந்தது. ஆட்சிக்கு உறுத்தியது காங்கிரஸ் அரசியல். தடை விழுந்தபோது சாதியைப் பேசிய பகுதியும் சேர்ந்தே மறைந்தது.

சீனச் சந்தையும் ஹாலிவுட்டும்

இன்று இவ்விவாதத்தின் மையம் சீனா. 1997இல் திபெத்தைப் பற்றி 'குந்துன்', 'செவன் இயர்ஸ் இன் திபெத்' ஆகிய படங்கள் வெளியாகிச் சீன அரசின் சினத்துக்கு உள்ளாயின. அதன்பின் பெரிய நிறுவனங்கள் அப்பொருளின் பக்கம் செல்லத் தயங்கின. 2012இல் வெளியான 'ரெட் டான்' படத்தில் அமெரிக்காவின் மீது படையெடுப்பவர்கள் முதலில் சீனர்களாகப் படமாக்கப்பட்டு, பின்னர் கணினி உதவியால் வடகொரியர்களாக மாற்றப்பட்டார்கள். 2013இல் 'அயர்ன் மேன் 3' படத்தின் சீனப் பதிப்பில் மட்டும் நடிகை ஃபான் பிங்பிங் இடம்பெறும் காட்சிகள் சேர்க்கப்பட்டன.

நடிகர் தேர்வுக்கு மிகவும் பேசப்பட்ட சான்று 2016இன் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்'. மூலச் சித்திரக்கதையில் திபெத்தியராக இருந்த குரு, படத்தில் கெல்டிக் இனத்தவராக்கப்பட்டார்; அவ்வேடத்தில் டில்டா ஸ்விண்டன் நடித்தார். சீனச் சந்தையை இழக்கும் அபாயம் இம்மாற்றத்தில் இருந்ததாகத் திரைக்கதை ஆசிரியர்களுள் ஒருவர் பேட்டியொன்றில் கூறினார். தயாரிப்பு நிறுவனம் வேறு காரணம் சொன்னது. எவ்வாறாயினும் ஒரு திபெத்தியருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வேடம் இல்லாமற்போனது. அரசு ஒன்றோடு முரண்பட்டு நிற்கும் சிறு இனமே இத்தகைய கணக்கில் முதலில் கழிக்கப்படுகிறது. 2020 ஆகஸ்டில் பென் அமெரிக்கா என்னும் எழுத்தாளர் அமைப்பு வெளியிட்ட அறிக்கை இப்போக்கை விரிவாகப் பதிவுசெய்துள்ளது.

தமிழ்ப் படங்களுக்கும் சீனக் கதவு திறந்துள்ளது. ரஜினிகாந்த் நடித்த '2.0' 2019இலும், விஜய் சேதுபதி நடித்த 'மகாராஜா' 2024 நவம்பரிலும் அங்கு வெளியாயின. வசூல் பெருகும்போது அதனோடு நிபந்தனைகளும் வந்துசேரும் என்பதை நாம் மறக்கலாகாது.

வளைகுடாவின் கோடு

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத ஊர்கள் குறைவு. அங்கு உழைப்போரின் விடுமுறை நாளே இப்படங்களின் வெளிநாட்டு வசூலில் ஒரு பங்கு. 2022 பிப்ரவரியில் விஷ்ணு விஷால் நடித்த 'எஃப்.ஐ.ஆர்' படத்துக்குக் குவைத், கத்தார், மலேசியா ஆகிய நாடுகளில் அனுமதி கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் விஜய் நடித்த 'பீஸ்ட்' குவைத்திலும் கத்தாரிலும் தடைசெய்யப்பட்டது. இஸ்லாமியரைப் பயங்கரவாதிகளாகக் காட்டும் கதைகளே பெரும்பாலும் இத்தடைகளுக்குக் காரணமாகக் கூறப்பட்டன. 2023 நவம்பரில் மம்மூட்டி நடித்த 'காதல் தி கோர்' என்ற மலையாளப் படம் தன்பாலின உறவைப் பேசியதற்காகக் குவைத்திலும் கத்தாரிலும் அனுமதி மறுக்கப்பட்டது.

இவ்விருவகைத் தடைகளையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட இயலாது. முன்னது ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் வார்ப்பைத் தடுக்கிறது. பின்னது ஒடுக்கப்பட்டோரின் வாழ்வைத் திரையிலிருந்து அகற்றுகிறது. ஆயினும் இரண்டையும் செய்வது அதே அதிகாரமே. 'பீஸ்ட்' குறித்துத் தமிழ்நாட்டு இஸ்லாமிய அமைப்புகள் எழுப்பிய எதிர்ப்பால் படத்தை மாற்ற முடியவில்லை. மக்களின் குரல் எட்டாத இடத்தை ஓர் அரசின் முத்திரை எளிதில் எட்டுகிறது.

இங்கேதான் நாம் நின்று கவனிக்கவேண்டிய வேறுபாடு உள்ளது. தலித் மக்களை இழிவாகக் காட்டும் படத்தைத் தடுக்க எந்த வெளிநாட்டு அரசும் முன்வரப் போவதில்லை. சேரிக்குத் தூதரகம் கிடையாது. வில்லனின் நாட்டையும் மதத்தையும் வெளிநாட்டுச் சந்தைக்காக மாற்றும் தயாரிப்பாளருக்கு, அவனுடைய அடியாட்களை எந்தத் தெருவிலிருந்து வந்தவர்களாகக் காட்டுகிறோம் என்பதில் வணிக அச்சம் எதுவும் இல்லை.

கபாலியின் இரு முடிவுகள்

பா. இரஞ்சித் இயக்கிய 'கபாலி', மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்களைப் பற்றியது. கங்காணி முறையில் அங்கு சென்றவர்களுள் தலித் மக்கள் கணிசமானோர். இன்று மலேசிய மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். சிறையில் கபாலி ஒய்.பி. சத்தியநாராயணாவின் 'மை ஃபாதர் பாலையா' என்ற தலித் குடும்ப வரலாற்று நூலைப் படித்துக்கொண்டிருப்பதாக அறிமுகமாகிறார். கோட்டு அணிவதை உரிமையின் அடையாளமாக அப்படம் பேசியது நம் வாசகர்கள் அறிந்ததே.

மலேசியாவில் படமாக்கப்பட்ட இப்படம் அந்நாட்டுக் கலைஞர்களையும் தைவான் நடிகர் வின்ஸ்டன் சாவோவையும் கொண்டிருந்தது. மலாய் மொழியிலும் வெளியிடப்பட்டது. ஒரு நாட்டில் படமாக்கி, அந்நாட்டுக் கலைஞரை நடிக்கவைத்து, அங்கேயே விற்கும் படம் அந்நாட்டுத் தணிக்கையின் பிடிக்குள் முழுமையாக வருகிறது. சட்டத்தை மீறியவர் இறுதியில் சட்டத்துக்கு அடங்கவேண்டும் என்ற அங்குள்ள எதிர்பார்ப்புக்கு ஏற்பவே முடிவு மாற்றப்பட்டது.

ஒரு வரிதான் சேர்க்கப்பட்டது என்று இதைத் தள்ளிவிடலாகாது. இந்தியப் பதிப்பில், கபாலியை நோக்கித் துப்பாக்கியோடு வருபவன் அவருடைய சமூகத்திலிருந்தே வந்த இளைஞன். தோட்டக்கூலியின் பேரனைக் குற்றக்குழுவுக்குத் தள்ளிய வரலாற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைப் படம் திறந்தே வைத்தது. மலேசியப் பதிப்பு அக்கேள்வியை மூடி, காவல்துறையின் கையில் ஒப்படைத்தது. எந்த மக்களின் கதையோ, அந்த மக்களுக்கே அதன் முடிவு மறுக்கப்பட்டது.

அதற்கடுத்து இரஞ்சித் இயக்கிய 'காலா' 2018 ஜூனில் சவூதி அரேபியாவில் வெளியான முதல் இந்தியப் படம் என்று அப்போது செய்திகள் வந்தன. தாராவியின் நில உரிமையைப் பேசிய அப்படம் அங்கே தடையின்றி நுழைந்தது. வெளிநாட்டு அரசுகள் தத்தம் ஆட்சியைத் தொடும் செய்திகளுக்கே அஞ்சுகின்றன. சாதியைப் பற்றி அவை கவலைப்படுவதில்லை. சாதிக்கு அஞ்சும் தணிக்கை நம் நாட்டிலேயே இருக்கிறது.

நட்புறவு என்ற காரணம்

வெளிநாட்டு அரசின் விருப்பத்தை நம் அரசே நிறைவேற்றித் தருவதற்கும் சட்டத்தில் வழி உண்டு. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் 5பி பிரிவு, 'அயல்நாடுகளுடனான நட்புறவு' என்பதைச் சான்றிதழ் மறுப்பதற்கான காரணங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. 1951இல் முதல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக 19(2) பிரிவில் சேர்க்கப்பட்ட சொற்றொடர் அது.

இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிக் கேலம் மக்ரே இயக்கிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்துக்கு 2014இல் இக்காரணத்தைச் சொல்லியே இந்தியாவில் சான்றிதழ் மறுக்கப்பட்டது. இசைப்பிரியாவின் வாழ்வை அடிப்படையாகக் கொண்ட 'போர்க்களத்தில் ஒரு பூ' என்ற தமிழ்ப் படமும் 2015இல் அனுமதி பெறவில்லை. இறந்தோரின் உறவினர் வாழும் நாட்டில், கொன்றோரின் அரசுக்கு மனவருத்தம் நேரக்கூடாது என்பது சட்டமாகிறது.

நாமே வெளிநாட்டு அரசாகும்போது

இத்துடன் கட்டுரையை முடித்தால் பாதி உண்மையே சொன்னதாகும். சந்தியா சூரி இயக்கிய 'சந்தோஷ்' 2024இல் கான் திரைவிழாவில் திரையிடப்பட்டு, ஆஸ்கர் விருதுக்குப் பிரிட்டனின் சார்பில் அனுப்பப்பட்டது. வட இந்தியாவில் ஒரு தலித் சிறுமியின் கொலையையும் அதைக் காவல்துறை கையாளும் விதத்தையும் பேசுவது அப்படம். 2025 மார்ச்சில் இந்தியத் தணிக்கை வாரியம் அதன் வெளியீட்டைத் தடுத்தது. பிரிட்டனின் சார்பில் நின்ற படத்துக்கு இந்திய அரசு வெளிநாட்டுத் தணிக்கையாளராயிற்று. அவ்வாறு தடுக்கப்பட்டது ஒரு தலித் சிறுமியின் கதை.

அடுத்த மாதமே 'ஃபுலே' திரைப்படத்தில் மகர், மாங் ஆகிய சாதிப் பெயர்களையும் பேஷ்வா ஆட்சியைக் குறிக்கும் சொல்லையும் மாற்றுமாறு வாரியம் கூறியது. ஏப்ரல் 11 அன்று வரவேண்டிய படம் 25க்குத் தள்ளிப்போனது. சாதியை எதிர்த்துப் போராடியவரின் வரலாற்றிலிருந்து சாதியின் பெயர் நீக்கப்பட்டது. சீன அரசு திபெத்தின் பெயரைக் கண்டு அஞ்சுவதைக் கண்டிக்கும் நம் ஊடகங்கள், இதே அளவுகோலைத் தில்லிக்குப் பயன்படுத்தத் தயங்குகின்றன.

யார் நடிப்பது?

நடிகர் தேர்வில் அரசு தலையிடுவது நமக்கு வியப்பளிக்கலாம். சமூகம் தலையிடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸி என்ற தலித் பெண், சாதி இந்துக்களின் தாக்குதலுக்கு உள்ளாகித் திருவனந்தபுரத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. எந்த அரசாணையும் அதற்குத் தேவைப்படவில்லை. 'இந்த முகம் அந்தச் சந்தையில் செல்லாது' என்று இன்று சொல்லப்படும் வணிகக் கணக்குக்குள், இந்தப் பழைய கணக்கும் ஒளிந்திருக்கிறது. தணிக்கையைக் காரணம் காட்டி ஒரு பாத்திரம் கைவிடப்படும்போது, அது உண்மையில் யாருடைய அச்சம் என்று கேட்பது நம் கடமை.

நாம் கோர வேண்டியவை

முதலாவது, வெளிப்படைத்தன்மை. ஒரே படம் பல பதிப்புகளாக வெளியாகும்போது, எந்த நாட்டின் அரசுக்காக எது மாற்றப்பட்டது என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்கவேண்டும். இணையத் தளங்கள் எந்தப் பதிப்பை வழங்குகின்றன என்பதையும் பார்வையாளர் அறியவேண்டும்.

இரண்டாவது, முறையீட்டு உரிமை. திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. இப்போது மறுக்கப்பட்ட படத்துக்கு உயர் நீதிமன்றமே வழி. பெரிய நிறுவனம் அச்செலவைத் தாங்கும். கடன் வாங்கி முதல் படம் எடுக்கும் தலித் இயக்குநர் வெட்டுகளை ஏற்றுக்கொண்டு வெளியேறுவார். குறைந்த செலவில் அணுகக்கூடிய தீர்ப்பாயம் மீண்டும் வேண்டும்.

மூன்றாவது, 5பி பிரிவின் நட்புறவுக் காரணத்துக்கு எல்லை வகுக்கப்படவேண்டும். நடந்த கொலைகளைப் பற்றிய சான்று நட்புறவைக் கெடுக்கும் என்றால், அந்த நட்புறவின் தன்மையைப் பற்றி நாடாளுமன்றம் பேசட்டும். படத்தை மறைப்பது அதற்குத் தீர்வாகாது.

இவை கிடைக்கும்வரை, வெளிநாட்டில் உழைக்கும் நம் உறவினரிடம் நாம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்: நீங்கள் பார்த்த படம் எப்படி முடிந்தது?