ஐரிஸ்

கிரேக்க மொழியில் வானவில்லைக் குறிக்கும் பதமாகிய ‘ஐரிஸ்’ என்பதே, அந்நாட்டுப் புராணங்களில் வானவில்லின் அதிதேவதைக்கும் நாமமாயிற்று. விண்ணையும் மண்ணையும் தொட்டு வளைந்து நிற்கும் அவ்வில்லைப் போலவே, தேவர்க்கும் மானிடர்க்கும் இடையே தூது செல்லும் பொற்சிறகுடைய இத்தேவி, ஹோமரின் இலியத் காவியத்தில் ஜீயஸின் ஆக்ஞையைத் தாங்கிப் புயலெனக் கடுகிச் செல்கின்றாள். தேவர்களுக்குள் கலகம் மூண்டு எவரேனும் பொய் புகன்றார் என்ற ஐயம் எழுமாயின், சத்தியப் பிரமாணத்துக்குரிய ஸ்டிக்ஸ் நதியின் குளிர்நீரைப் பொற்குடத்தில் முகந்து வரும் பொறுப்பும் இவளுடையதே என்கிறார் ஹெஸியாட்.

அவரே இவளைத் தௌமாஸின் புதல்வி என்று வமிசம் கூறுகின்றார். தௌமாஸ் என்னும் பெயர் வியப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இயைபுடையதாகலின், வியப்பே தத்துவ ஞானத்தின் தோற்றுவாய் என்று கூறும் பிளேட்டோவின் உரையாடல், ஐரிஸைத் தௌமாஸின் மகளாக்கியவர் வமிசாவளி கூறுவதில் வல்லவரே என்று அதனைப் பாராட்டுகின்றது.

கண்ணின் பாவையைச் சூழ்ந்த வண்ண வளையமும், பல நிறங்களில் மலரும் ஒரு பூவினமும் இப்பெயரையே தாங்குகின்றன. 1803-இல் ஸ்மித்ஸன் டெனன்ட் கண்டறிந்த உலோகம், அதன் உப்புகள் பன்னிறம் காட்டியமையால், இதன் அடியாகவே ‘இரிடியம்’ எனப் பெயர் பெற்றது. மகளுக்கு இப்பெயரைச் சூட்டுவோர், ஒளியும் வியப்பும் ஒருங்கே அமைந்த ஒரு நாமத்தை அவளுக்கு அளிக்கின்றனர்.