கண்டிச் சீமைக் குளிரும் ஒரு கம்பளியின் கணக்கும்

மேனாட்டார் சொல்லும் பனிக்காலம் நம் கண்டி மாநகருக்கு இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் இருக்கும் இந்நகரில் தை மாதத்து இரவிலும் வெப்பமானி 18 பாகை சென்ரிகிரேட் அளவில் நின்றுவிடும். இலண்டன் வாசிக்கு அது வசந்த காலம். ஆகவே, இந்த மலைநாட்டில் குளிரும் ஈரமும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொள்வதில் பங்கு வகித்தன என்றால் வெளிநாட்டார் நம்பத் தயங்குவர். நம் சங்கத்து இளைஞருள்ளும் சிலர் தயங்கக் கூடும். மாத்தளை, கம்பளை, புசல்லாவை, தெல்தோட்டை, மடுல்கலை ஆகிய பகுதிகளில் பிறந்து வளர்ந்த பெரியோர்கள் தயங்கமாட்டார்கள்.

குளிர் என்பது வெப்பமானி காட்டும் எண் மாத்திரமன்று. வயிறு நிறைய உண்டு, உலர்ந்த உடையணிந்து, கூரையின் கீழ் இருப்பவனுக்கு 18 பாகை இதமான காற்று. பட்டினியால் மெலிந்து, காய்ச்சலில் நடுங்கி, நனைந்த ஒற்றை வேட்டியுடன் மண் தரையில் படுப்பவனுக்கு அதுவே எமன். ஈரத்துணி உடம்பின் சூட்டை உறிஞ்சும். உடல் நடுங்கி நடுங்கித் தன்னிடமுள்ள சொற்பச் சத்தையும் எரித்துவிடும். பிறகு வயிற்றுளைவோ சீதசன்னியோ வந்து மீதியை முடிக்கும். இந்த நிலையில் இருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன உதவி கிடைத்தது, அந்த உதவி யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1824ஆம் ஆண்டு ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் திறந்தார். அக்காலத் தேசாதிபதி சேர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமும் கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். (கம்பளை என்ற ஊர்ப் பெயரின் ஓசையைக் கண்டு, கம்பளிக்கும் அவ்வூருக்கும் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். 14ஆம் நூற்றாண்டிலேயே சிங்கள மன்னர்களின் தலைநகராயிருந்த ஊர் அது.) 1840ஆம் ஆண்டளவில் கோப்பிப் பித்து உச்சத்தை அடைந்தது. காடு வெட்டவும் பழம் பறிக்கவும் ஆள் வேண்டும். இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னால் நம் முன்னோர் புறப்பட்டனர்.

அவர்கள் வந்த வழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குச் சுமார் 150 மைல் கால்நடை. வழியெல்லாம் வறண்ட காடு. நீர்நிலைகள் சில இடங்களில் வற்றியிருக்கும், மற்ற இடங்களில் கெட்டிருக்கும். மலேரியாக் காய்ச்சலுக்கோ குறைவில்லை. நடக்க முடியாதவன் வழியில் விடப்பட்டான். பின்னால் வரும் கூட்டத்தார்க்கு அவன் எலும்பே வழிகாட்டும் கல்லாயிற்று. வடபாதையில் வந்தவர்கள் முதலில் அடைந்த மலைநாட்டு ஊர் மாத்தளை. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலின் தோற்றத்தை இந்த நடைப்பயணிகளோடு இணைத்துச் சொல்லும் வழக்கு இன்றும் அவ்வூரில் உண்டு. நூற்றைம்பது மைல் நடந்து உயிரோடு மலையடிவாரம் சேர்ந்தவன் கும்பிட ஓரிடம் தேடியதில் வியப்பென்ன?

நிற்க. அவன் வந்து சேர்ந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். கோப்பிப் பழம் பறிக்கும் பெரும் பருவம் புரட்டாதி, ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை நீளும். வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸ் மலைத்தொடரில் மோதிக் கொட்டுவதும் அதே காலம். இரவு மிகவும் குளிர்வதும் அதே காலம். இராமநாதபுரத்து வெயிலில் பழகிய உடம்பு, காய்ச்சலோடும் பசியோடும், மூவாயிரம் நாலாயிரம் அடி உயரத்து மழைக்கு நேரே வந்து நின்றது. தோட்டத்தில் அவனுக்கென்று இருந்ததோ புல் வேய்ந்த மண் சுவர்க் குடில். பிற்காலத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் மாத்திரம் இருந்ததென்று நினைக்கக் கூடாது.

எத்தனை பேர் இறந்தனர்? 1849ஆம் ஆண்டில் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை, அந்தத் தசாப்தத்தில் வந்தவர்களுள் நாலில் ஒரு பங்கினர், அதாவது சுமார் 70,000 பேர், மாண்டதாக எழுதியது. இத்தொகை மிகையென்று பிற்காலச் சரித்திர ஆசிரியர் சிலர் வாதித்தனர். வரவும் செலவும் ஒழுங்காக எண்ணப்படாத காலமாகையால், ஊருக்குத் திரும்பியவர்களிற் சிலர் இறந்தோர் கணக்கில் சேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இருக்கலாம். பாதியென்றே கொள்வோம், 35,000 பேர் என்பது சிறு தொகையா? கோப்பி மூட்டைகளுக்கு அந்தர், இறாத்தல் வரை கணக்கு வைத்த காலத்தில் மனிதருக்குக் கணக்கில்லாமற் போனதே நமக்குப் போதிய சாட்சி.

இனிக் கம்பளிக்கு வருவோம். தென்னிந்தியாவில் குறும்பர் முதலிய ஆட்டிடையர் நெய்யும் முரட்டுக் கறுப்புக் கம்பளியைப் போன்ற ஒன்று தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவனுக்கு முதலில் கொடுக்கப்பட்டது. துரைமார் அதைத் தம் ஆங்கிலத்திலும் 'கம்பிளி' என்றே எழுதினர். நல்ல ஆட்டுமயிர்க் கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். பருத்திக்கு அக்குணம் இல்லை. அதனால் தொழிலாளி அதை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மழையில் வேலை செய்தான். இரவில் அதையே விரித்துப் படுத்தான், அதையே போர்த்தான். தாய்மார் அதிலேயே பிள்ளையைச் சுற்றினர். இங்கேதான் சிக்கல். பகலெல்லாம் மழையை உறிஞ்சிய கனத்த கம்பளி இரவுக்குள் உலருமா? ஒரு கம்பளி, இரண்டு வேலை. மலைநாட்டுச் சீதசன்னியின் சரித்திரத்தில் பாதி இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கும் என்பது என் கருத்து.

கம்பளி கொடுக்கப்பட்டது என்றேன். இலவசமாகக் கொடுத்த துரைமாரும் இருந்தனர். பொதுவான வழக்கம் அதுவன்று. கம்பளியின் விலை தொழிலாளியின் பெயரில் பற்று எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, தோட்டத்து அரிசி, அதன்மேல் கம்பளி. முதல் நாளே கடனாளியானவன் காய்ச்சலில் ஒரு கிழமை படுத்தால், அந்தக் கிழமைக்குச் செக்ரோலில் அவனுக்குப் பேர் விழாது. அரிசிப் பற்று மாத்திரம் ஏறும். குளிரிலிருந்து காக்க வந்த கம்பளியே, காய்ச்சலோடு குளிரில் வேலைக்குப் போகும்படி அவனை நெருக்கிற்று.

இதை முழுவதும் துரைமாரின் கொடுமை என்று தள்ளிவிடவும் என் மனம் ஒப்பவில்லை. அவர்களுள் பலர் வந்த ஸ்கொத்லாந்து, இங்கிலாந்து நாடுகளிலேயே அக்காலத்து ஏழைகளுக்குக் கம்பளி தருமமாகக் கிடைப்பது அரிது. பல கிராமங்களில் கம்பளிச் சங்கம், நிலக்கரிச் சங்கம் என்று வைத்து, ஏழைகளிடம் வாரம் ஒரு பென்னி வாங்கி, செல்வர் சிறிது சேர்த்து, பனிக்காலம் வரும்போது கம்பளி கொடுப்பார்கள். சில இடங்களில் அதை இரவலாகக் கொடுத்து வசந்தத்தில் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. ஏழைக்குச் சும்மா கொடுத்தால் அவன் கெட்டுப்போவான் என்பது அக்கால ஆங்கிலேயரின் ஒரு சித்தாந்தம். ஆனால் அங்கே செல்வர் தம் பங்கையும் சேர்த்தனர். கண்டிச் சீமைக்குக் கப்பலேறியபோது சித்தாந்தம் மாத்திரம் வந்தது. செல்வரின் பங்கு அங்கேயே நின்றுவிட்டது.

உதவி முற்றாக இல்லாமலுமில்லை. 1858ஆம் ஆண்டு, சேர் ஹென்றி வார்ட் தேசாதிபதியாயிருந்தபோது, குடிவரும் தொழிலாளருக்கென ஓர் ஆணைக்குழு அமைந்தது. வடபாதையில் தங்கு கொட்டகைகளும் நீர் வசதியும் வைத்திய வசதியும் செய்வது அதன் வேலை. சில ஆண்டுகளே அது நீடித்தது. கண்டி நகரிலோ 'பிரண்ட்-இன்-நீட்' என்ற தரும சங்கத்தார் கூலி ஆஸ்பத்திரி ஒன்றை நடத்தினர். அந்நாளில் தோட்டங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நோயாளி வந்து சேர்வது பெரும்பாலும் கடைசிக் கட்டத்திலேதான். வேலைக்கு ஆகான் என்று தோட்டத்தார் கைவிட்டவன், எட்டியோ பத்தோ மைல் மழையில் நடந்தோ சுமக்கப்பட்டோ வருவான். வைத்தியர் மருந்து கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது, ஈரத்தைத் துவட்டி, உலர்ந்த துணி போர்த்தி, சூடாகக் கஞ்சி கொடுப்பதே. அதற்குமேல் பல வேளைகளில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைக் கவனிப்பது தோட்டக்காரரின் கடமையென்று விதித்தது. 1880இலும் பின்னரும் அது திருத்தப்பட்டது. சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே பெருஞ் சோதனையும் வந்தது. 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்த தாது வருடப் பஞ்சத்துக்குத் தப்பி, 1877இல் மாத்திரம் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தனர். பஞ்சத்தில் வற்றிய உடம்புகள் மலையேறின. அதே காலத்தில் 1869 முதல் பரவிய இலைநோயால் கோப்பியும் சாகத் தொடங்கியிருந்தது. வேலை கொடுப்பவனும் விழுந்துகொண்டிருந்தான்; வேலை தேடி வந்தவனும் விழுந்துகொண்டிருந்தான்.

1867இல் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவை. வந்து போனவர்கள் வந்து தங்கினர். பெண்களும் குழந்தைகளும் பெருகினர். உயரமும் கூடிற்று, ஆறாயிரம் அடியிலுள்ள நுவரெலியாப் பக்கத்தில் தை, மாசி விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி பூத்துக் கிடக்கும். 1912ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் உணவும் தங்குமிடமும் கொடுத்து, வேலைக்கு அழையாதிருக்கும்படி தோட்டக்காரரைக் கட்டாயப்படுத்தியது. கம்பளிச் சரித்திரத்தில் இதற்கும் இடம் உண்டு. பச்சைக் குழந்தை விடியற்காலைப் பனியில் பிரட்டுக்குப் போகாமல் ஒரு மாதமேனும் அடுப்பின் அருகில் கிடந்தது. 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் றொக்பெல்லர் ஸ்தாபனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். இரத்தத்தை உறிஞ்சும் அப்புழு உள்ளே இருக்க, வெளியே எத்தனை கம்பளி போர்த்தினாலும் உடம்பில் சூடு ஏறாது. வைத்தியர்கள் அப்போதுதான் நோயின் வேரைப் பிடித்தார்கள் எனலாம்.

பிற்காலத்தை விரைந்து கடக்கலாம். ஒரு காலத்தை மாத்திரம் கடக்க முடியாது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் வந்தது. மாவும் அரிசியும் விலையேறின, பங்கீடு குறைந்தது, தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. 1974இல் தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் ஓராண்டு காணாமலே இறந்தன. தோட்டத்தைவிட்டு இறங்கிய குடும்பங்கள் மலைநாட்டு நகரங்களில் பிச்சையெடுத்து, கடை விறாந்தைகளில் படுத்தன. உலகுக்கெல்லாம் தேநீரால் சூடேற்றியவர்கள் அவர்கள். 1972இல் வணக்கத்துக்குரிய போல் கஸ்பார்ஸ் அடிகளார் கண்டியில் நிறுவிய சத்தியோதயம், அந்நாட்களில் தோட்ட மக்களின் நிலையை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்ன ஸ்தாபனங்களுள் ஒன்று. அவர் நம் சமயத்தவர் அல்லர், தமிழரும் அல்லர். இதைச் சொல்லாமல் விடுவது நன்றியாகாது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரில் பலரை அங்கே எதிர்கொண்டது நீலகிரி மலை. குளிர் அவர்களை விடவில்லை, தேயிலையும் விடவில்லை.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது கண்டி மாவட்டமும் மண்சரிவுகளால் பெரிதும் அழிந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மலைச்சரிவுகளில் நூறாண்டு கடந்த லயங்களில் வாழ்ந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் விகாரைகளிலும் தங்கினார்கள். மாதம் கார்த்திகை, பழைய கோப்பிப் பருவத்து மழையும் குளிருந்தான். அத்தகைய வேளையில் உதவி செய்யப் புறப்படும் வாலிபர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கம்பளியை மாத்திரம் கொண்டுபோனால் போதாது. தரையில் விரிக்கப் பாயும், மாற்றி உடுக்க உலர்ந்த துணியும், மழைக்கு வேறாக ஒரு றப்பர் சீலையும் கூடவே போக வேண்டும். முதலில் முதியோருக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் கொடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் எழுதுவதானால் எழுதட்டும், யாரும் விடுபடாமலிருக்க அது உதவும். விலை என்ற பத்தி அதில் வேண்டியதில்லை.