மூச்சுக் கொடுத்த கைகள்

சரித்திரத்தை மன்னர்களின் கதையாக எழுதிய காலம் கழிந்துவிட்டது என்கிறோம். ஆயினும், வைத்திய விஞ்ஞானத்தின் சரித்திரத்தை மட்டும் ஒருசில மேதைகளின் கதையாகவே இன்றும் மாணவர்க்குப் போதித்து வருகின்றோம். இது முழு உண்மையாகாது என்பதற்கு, 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் நிகழ்ந்தது தக்க சான்றாகும்.

காய்ச்சலாகத் தொடங்கும் வைரசுத் தொற்று, சில வேளைகளில் நரம்பு மண்டலத்தையும் பாதித்துவிடுகின்றது. இளம்பிள்ளைவாத வைரசு தொற்றியோருள் மிகப் பெரும்பாலோர் தீங்கின்றித் தப்பிவிடுவர். மிகச் சிலரிலோ அது முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக் கலங்களை அழிக்கின்றது. கைகால்கள் சோர்கின்றன. மூச்சை இயக்கும் தசைகளும் செயலிழந்தால் உயிரே போய்விடுகின்றது.

அவ்வாண்டுக் கோடையில் இந்நோய் நகரெங்கும் பரவியது. பிளெக்டம் வைத்தியசாலையில் இருந்த ‘இரும்பு நுரையீரல்’ ஒன்றே. மார்பின்மேல் பொருத்தும் சிறு பொறிகள் ஆறு. மூச்சுத்தசை செயலிழந்த முதல் 31 நோயாளருள் 27 பேர் இறந்தனர். தலைமை வைத்தியர் லாசென், மயக்கமருந்து வைத்தியரான பியோர்ன் இப்சனை ஆலோசனைக்கு அழைத்தார். நோய் மூளையைத் தாக்கியதால் இவர்கள் இறக்கவில்லை. போதிய காற்று உட்செல்லாமையால் காபனீரொட்சைட்டு குருதியில் தேங்கியே இறக்கின்றனர் என இப்சன் உணர்ந்தார். ஆகஸ்ட் 27ஆம் நாள், மரணத் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையொன்றைக் கையால் அழுத்தி ஒட்சிசனை ஊட்டச் செய்தார். சிறுமி பிழைத்தாள்.

வழி பிறந்தது, ஆனால், அதனை நிறைவேற்றும் பொறி இருக்கவில்லை. ஒரே வேளையில் 70 நோயாளர்வரை இம்முறையால் மூச்சு ஊட்டப்பட வேண்டியிருந்தது. கை ஓய்ந்தால் உயிர் ஓய்ந்துவிடும். அப்பணியை ஏற்றவர்கள் வைத்தியமும் பல்வைத்தியமும் பயின்ற ஏறத்தாழ 1,500 மாணவர்கள். முறைவைத்து, இரவு பகலாக, நோயாளரின் அருகிருந்து அவர்கள் அப்பையை அழுத்தினர். வாரங்கள் மாதங்களாக இவ்வுழைப்பு நீடித்தது. நூற்றுக்கு 80க்கு மேலிருந்த இறப்பு, 25 அளவிற்கு இறங்கியது. இவ்வனுபவத்தின் பயனாகவே 1953இல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்பை இப்சன் தோற்றுவித்தார்.

இளம்பிள்ளைவாதத்தைத் தடுக்கும் மருந்து 1955இல் வழக்கிற்கு வந்துவிட்டது. எனினும், மூச்சுக்கான போராட்டம் முடிந்துவிடவில்லை. 1916இல் கீலன், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய பிரெஞ்சு வைத்தியர் மூவர் விவரித்த நரம்புநோய் இன்றும் உலகெங்கும் காணப்படுகின்றது. தொற்றொன்று நீங்கிய பின், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே அதன் நரம்புகளைத் தாக்குவதால் இது விளைகின்றது. நோயுற்றோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குச் செயற்கை மூச்சு தேவைப்படுகின்றது. உரிய காலத்தில் அது கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர்.

ஆனால், யாருக்குக் கிடைக்கின்றது? பொறிகள் போதாத வறிய நாடுகளின் வைத்தியசாலைகள் சிலவற்றில், நோயாளரின் உறவினரே அப்பையை அழுத்திக்கொண்டிருக்கின்றனர். கோப்பன்ஹேகனில் ஒரு சமுதாயம் பகிர்ந்து தாங்கிய சுமையை இங்கே தாயும் தந்தையும் தனித்துத் தாங்குகின்றனர். விஞ்ஞானம் வழியைக் காட்டி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலைமை இவ்வாறாயின், குறை விஞ்ஞானத்தினுடையதன்று. அதன் பயனைப் பங்கிடும் முறையினுடையதாகும்.

இப்சனின் நுண்ணறிவை நாம் போற்றுகின்றோம். அவ்வறிவை உயிர்களாக மாற்றிய 1,500 மாணவரின் கைகளையும் நம் வகுப்பறைகளிற் பேசுவோமாக. கற்ற கல்வி யாருக்குப் பயன்பட வேண்டும் என்று வினவும் இளைஞனுக்கு, இதனினும் தெளிவான விடையொன்றை நாம் கூறிவிட முடியாது.