கொழுந்து படுத்த தட்டு

எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொன்னதில்லை. ‘ஸ்டோரு’ என்போம். கோப்பிக் காலத்தில் காய்ந்த கொட்டையைப் போட்டுவைத்த கிடங்கின் பெயர் அது. கோப்பி போனது, பெயர் மட்டும் தேயிலைக்கு வந்துவிட்டது. அந்த ஸ்டோரின் மேல்மாடிகளில் என் அப்பா தச்சு வேலை பார்த்தார். பிறகு நானும் பார்த்தேன்.

ஹட்டன், நுவரெலியா பக்கம் வருகிறவர்கள் மலைச்சரிவில் மூன்று நான்கு மாடியாக, வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜன்னலோடு நிற்கும் பழைய ஸ்டோர்களைப் படம் எடுக்கிறார்கள். அவை ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்பவர் குறைவு. எல்லாம் தட்டுக்காகத்தான். கொழுந்து வாட்டும் தட்டுகளை அடுக்கி, அந்த அடுக்குக்குச் சுவரும் கூரையும் போட்டார்கள் என்றே நான் சொல்வேன்.

1867ல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது ஸ்டோர் ஏது? பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கையாலேயே கொழுந்தை உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டி, மேலே கம்பித் தட்டில் பரப்பிக் காயவைத்தார்கள். 1869ல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் மலை முழுக்கத் தேயிலையானது. கோப்பி ஸ்டோர் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்த தோட்டங்களுக்கு இடம் போதவில்லை. காய்ந்த கோப்பியை அம்பாரமாகக் குவிக்கலாம். கொழுந்து அப்படியல்ல, பறித்த பிறகும் மூச்சுவிடும். குவித்தால் சூடேறிச் சிவந்துபோகும். நூறு கிலோ கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அந்தக் கொழுந்தை ஐம்பத்தைந்து கிலோ அளவுக்கு வாட்டினால்தான் உருட்டும்போது இலை நொறுங்காமல் முறுக்கிக்கொள்ளும். இதற்குக் கொழுந்தை இலைமேல் இலை படாத மாதிரி மெல்லிசாகப் பரப்ப வேண்டும். ஒரு நாள் கொழுந்தைத் தரையில் பரப்புவதென்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் பத்து இருந்தாலும் காணாது. அதனால்தான் அடுக்கினார்கள். 1884ல் ரயில் ஹட்டனுக்கு வந்த பிறகு இரும்புத் தூணும் இயந்திரமும் மலையேறுவது சுலபமானது, மாடிகளும் உயர்ந்தன.

தட்டு என்றால் பலகை இல்லை. சட்டத்துக்குச் சட்டம் இழுத்துக் கட்டிய சணல் சாக்குத் துணி. இந்தியில் சாக்குத் துணிக்கு ‘டாட்’ என்று பெயர். துரைமார் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கோ ‘தட்டு’ என்று சொந்தச் சொல்லே இருந்தது. இரண்டும் காதில் ஒன்றாகவே விழும்.

ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. அந்த இடைவெளிதான் அப்பாவுக்கு வேதம். நெருக்கினால் இன்னும் நாலு தட்டு போடலாம், கொழுந்தும் கூடப் பிடிக்கும். ஆனால் பரப்புகிறவர் கை உள்ளே போகாது, காற்றும் ஓடாது. அகட்டினால் மாடி வீணாகும். இதற்கென்று பலாக்கட்டையில் ஓர் அளவுக்கட்டை சீவி வைத்திருந்தார். ஒவ்வொரு சட்டத்தையும் அறையுமுன் அதை உள்ளே விட்டுப் பார்ப்பார்.

“பாரம் ஒண்ணும் பண்ணாதுடா. தொய்வுதான் கெடுக்கும். தட்டு தொய்ஞ்சா கொழுந்து நடுவுல கூடிரும். ஓரம் காயும், நடு வேகும்” என்பார்.

மாசி மாதம் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் போதும், மலைக்காற்றே வாட்டிவிடும். ஆனி, ஆடியில் டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் விடாத மழை. கொழுந்தே நனைந்துதான் வரும். ஜன்னலையெல்லாம் சாத்தி, கீழே தேயிலை காயவைக்கும் அடுப்பின் சூட்டைப் பெரிய காற்றாடி வைத்து மேலே ஏற்றுவார்கள். அந்திக்குப் பரப்பினால் மறுநாள்தான் பதமாக வாடும். பன்னிரண்டு மணி நேரமும் ஆகும், பதினெட்டு மணி நேரமும் ஆகும். மணிக்கூட்டைப் பார்த்துப் பயனில்லை. ஒரு பிடி அள்ளிக் கைக்குள் இறுக்கிவிட்டுத் திறந்தால் உருண்டை மெல்ல அவிழ வேண்டும். பதம் வந்ததும் சாக்கை உதறி, கொழுந்தைக் கூட்டி, சரிவுக்குழாய் வழியே கீழே உருட்டும் இயந்திரத்துக்குத் தள்ளுவார்கள்.

ஒரு ஆடியில் சாக்கெல்லாம் நைந்து தொங்கியது. புதுச் சாக்கு வேண்டுமென்று அப்பா மூன்று முறை கேட்டார். கொடுக்கவில்லை. கொழுந்து கெட்டது. அன்றைக்கு அப்பாவுக்கும் பரப்பிய நான்கு பேருக்கும் பேர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. அந்த ஐந்து பேரின் நாட்சம்பளம் இன்றைக்கும் என் மனதில் ஆறவில்லை.

பரப்புவதில் என் சித்தப்பாவின் கையை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு வீச்சில் கொழுந்து தட்டுப்பூராவும் சீராக விழும். எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்தில் பெயர் வந்து, தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூர் போய்ச் சேர்ந்தார். அங்கே தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் மலைக்காட்டு வேலை. அந்தக் கைக்கு அங்கே தட்டு கிடைக்கவில்லை.

இங்கேயும் தட்டு நிலைக்கவில்லை. ட்ரஃப் வந்தது. நீளமான தொட்டி, மேலே கம்பிவலை, ஒரு முனையில் காற்றாடி. காற்று அடியிலிருந்து கொழுந்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அதனால் ஒரு சாண் உயரத்துக்குக் கொழுந்தைப் போடலாம். நாலு மாடித் தட்டின் வேலையை ஒரு மாடி செய்தது. ட்ரஃப் நல்ல சாமான்தான். இடுப்பு ஒடியக் குனிந்து, கையை நீட்டி நீட்டிப் பரப்பியவர்களுக்கு அது விடுதலை. ஆனால் அப்பா அறைந்த சட்டங்களை எழுபதுகளில் நான்தான் அறுத்து இறக்கினேன். சட்டம் விழ விழ, முன்பு இரண்டடி தள்ளிப் பார்க்க முடியாத மாடியில் வெளிச்சம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை பரவியது. அப்பா கீழேயே நின்றார். மேலே வரவில்லை.

கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோர் 1996ல் ஹோட்டலானது. கொழுந்து வாடிய மாடிகளில்தான் இப்போது விருந்தாளிகள் தூங்கும் அறைகள். கண்டி ஹந்தானையில் இன்னொரு ஸ்டோர் 2001ல் தேயிலை நூதனசாலையானது. பழைய இயந்திரங்களை அங்கே துடைத்து வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் பேரன் ஹட்டன் டவுனில் உருளைக்கிழங்குக் கிடங்குக்கு இரும்பு ராக்கை பூட்டிக்கொண்டிருந்தான்.

“தாத்தா, தட்டுக்குத் தட்டு எவ்வளவு விடட்டும்? கடைக்காரர் நெருக்கிப் போடச் சொல்றார்.”

கிழங்கும் மூச்சுவிடும் சாமான். அளவுக்கட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். மூட்டையின் தலைக்கு மேல் இது நுழைய வேண்டும், பின்னால் சுவருக்கும் மூட்டைக்கும் நடுவிலும் நுழைய வேண்டும் என்றேன். வாங்கி ஒவ்வொரு தட்டிலும் விட்டுப் பார்த்தான். மூன்றாவது தட்டில் இடித்தது. போல்ட்டைக் கழற்றினான்.