நிழலுக்குப் போட்ட சட்டம்

கப்பலில் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எட்டத்திலேயே தெரிந்த அடையாளம், 1846இல் எழுந்த டிரினிட்டி தேவாலயத்தின் 281 அடி ஊசிக் கோபுரம். 1890இல் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் தன் ‘வேர்ல்ட்’ நாளிதழுக்கு 309 அடியில் அலுவலகம் கட்டி, ஆண்டவன் வீட்டையே அண்ணாந்து பார்க்க வைத்தார். அதுவரை தொடுவானத்தைக் குறித்துவந்த ‘ஸ்கைலைன்’ என்ற சொல், அந்தப் பத்தாண்டில்தான் கட்டட உச்சிகள் வானில் வரையும் கோட்டுக்குப் பெயராக நிலைத்தது.

உயரத்தைச் சாத்தியமாக்கியவை லிஃப்டும் எஃகுச் சட்டகமும். ஆனால் அந்தக் கோட்டுக்கு உருவம் கொடுத்தது, என் கணக்கில், ஒரு தகராறு.

1915இல் பிராட்வேயில் ஈக்விட்டபிள் கட்டடம் எழுந்தது. ஒரு ஏக்கருக்கும் குறைவான மனை. அதில் சுமார் 12 லட்சம் சதுர அடி! தெருவோரத்திலிருந்து 38 மாடிகளும் செங்குத்தாக ஏறின. அதன் நிழல் 7 ஏக்கருக்கு விழுந்தது என்பது அன்றைய புகார். பகலிலேயே விளக்கெரிக்க வேண்டிய அறைக்கு யார் வாடகை கொடுப்பார்கள்? பக்கத்து மனைக்காரர்கள் கொதித்தார்கள். இந்தக் கொதிப்பிலிருந்துதான் ஒரு சட்டம் பிறந்தது, வெறும் அழகுணர்ச்சியால் இல்லை. வாடகைக் கவலைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

1916 ஜூலையில் அந்தச் சட்டம் வந்தது. தெருவின் அகலத்தைப் பொறுத்துக் குறிப்பிட்ட உயரம்வரை சுவர் நேராக எழலாம். அதற்கு மேல் படிப்படியாக உள்வாங்க வேண்டும். மாடியின் பரப்பு மனையில் கால்பங்காகச் சுருங்கிவிட்டால், பிறகு எவ்வளவு உயரமும் போகலாம்.

அந்தக் கால்பங்கில்தான் கூத்தே நடந்தது. வால் ஸ்ட்ரீட்டில் கட்டடக் கலைஞர் கிரெய்க் செவரன்ஸ் 927 அடிக்குக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய பங்காளி வில்லியம் வான் ஆலன், கிரைஸ்லர் கட்டடத்துக்குள்ளேயே 185 அடி எஃகு ஊசியை ரகசியமாகக் கோத்துவைத்து, 1929 அக்டோபரில் மேலே தூக்கி நிறுத்தினார். மொத்தம் 1,046 அடி. பங்காளிச் சண்டைக்கு அந்த ஊரும் விலக்கில்லை! அந்த வெற்றிக்கும் ஆயுள் குறைவு. 1931இல் எம்பயர் ஸ்டேட் 1,250 அடியில் முந்திக்கொண்டது. அதன் உடலிலும் 1916இன் படிகள் அப்படியே தெரியும்.

1961இல் விதி மாறியது. கீழே பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால் மேலே கூடுதல் பரப்பு கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். கட்டியவர்கள் கணக்குப் போட்டார்கள். படிகள் போய், நேர்க்கோட்டுக் கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக வந்தன.