மாட்டுவண்டிக் கூண்டும் மரக்கூரையும்



சுங்கை பினாங்கில், வீட்டிலேயே செய்த மரக்கூரையைச் சுமந்து செல்லும் பிக்கப் வண்டியைக் கண்டு மாணவர் நகைப்பதுண்டு. அக்கூரைக்கும் வரலாறு உண்டு.

ஃபோர்டு நிறுவனம் 1917இல் அறிமுகப்படுத்திய ஒரு டன் லோரி, தொடக்கத்தில் வெறும் அடிச்சட்டமாகவே விற்கப்பட்டது; மேற்கட்டை வாங்கியவரே தச்சரிடம் செய்துகொண்டார். ஆலையிலேயே பின்தட்டுடன் செய்யப்பட்ட முதல் ஃபோர்டு பிக்கப் 1925இல் வந்தது. அத்தட்டுக்கும் கூரையில்லை. மூங்கிலை வளைத்து, பாய் வேய்ந்து, மாட்டுவண்டிக்குக் கூண்டு கட்டிய நம் முன்னோர்க்கு இக்கலை அயலன்று.

பொருத்துவதிலும் நுட்பம் உண்டு. மரச்சட்டத்திற்கும் இரும்பு விளிம்பிற்கும் இடையே ரப்பர்ப் பட்டை வைத்து, திருகாணியால் இறுக்க வேண்டும். இன்றேல் அதிர்வில் மரம் பிளக்கும். நீர் தேங்கி இரும்பு துருவேறும்.

ஃபோர்டின் பெயரை நம் பிள்ளைகள் அறிவர். கூரை செய்த தாத்தாவின் பெயரை அறிவரா? கேட்டு எழுதிவரச் செய்வோம், அதுவும் வரலாறே.