அக்குபங்சர் ஊசியும் ஆபத்தும் - கொஞ்சம் வரலாறு

ஈரோட்டில் எங்கள் அம்மாயிக்கு முழங்கால் வலி. "அக்குபங்சர் பாருங்க, பக்கவிளைவே கிடையாதுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அப்படியா என்று தேடிப் படித்ததில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

1938-ல் ஜப்பானுடன் போரிட்ட சீனாவுக்குக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் கோட்னிஸை நமக்குத் தெரியும். 1942-ல் அங்கேயே இறந்தார். கூடப் போன கல்கத்தா மருத்துவர் பி.கே.பாசுவை அவ்வளவாகத் தெரியாது. 1950-களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபங்சரைக் கற்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான்.

ஆபத்து தெரிய நாளாயிற்று. 1977-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதியில் ஒரே ஆளிடம் ஊசி போட்டுக்கொண்ட முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் பி. காரணம், ஒருவருக்குப் போட்டதைச் சரியாகக் கிருமி நீக்காமல் அடுத்தவருக்கும் போட்டது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி பரவியதற்கு இப்படிப்பட்ட சம்பவங்களும் காரணம்.

என்னை அதிரவைத்தது 1995-ல் லான்செட் இதழில் வந்த நார்வே சம்பவம். நெஞ்சின் நடுவே, எலும்புக்கு மேல் ஒரு புள்ளி உண்டு. எலும்பு தடுக்கும் என்பதால் பயமில்லாத இடம் என நினைப்பார்கள். ஆனால் நூற்றில் சுமார் 5 முதல் 8 பேருக்கு அந்த எலும்பில் பிறவியிலேயே ஓட்டை இருக்கிறது, வெளியே தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் இருந்தது. ஊசி இதயத்தைத் தொட்டது, சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் கட்டி இறந்துபோனார்.

முதுகின் மேற்பகுதியிலும் கவனம் வேண்டும். ஒல்லியானவர்களுக்கு நுரையீரல் 1 முதல் 2 செ.மீ. ஆழத்திலேயே இருக்கும். குத்துப்பட்டால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். வந்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

ஆனால் இவை அபூர்வம். 2009-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 2,29,230 பேரில் இருவருக்குத்தான் நுரையீரல் இப்படி ஆனது. 1999-ல் உலக சுகாதார நிறுவனமும் பயிற்சி, பாதுகாப்பு விதிகளை வெளியிட்டிருந்தது.

நம் ஊரில் பலர் ஊசியே குத்தாமல் விரலால் தொட்டு வைத்தியம் செய்கிறார்கள். ஊசி இல்லை, ஆபத்தும் இல்லையா? 2024-ல் திருவனந்தபுரத்தில், முன்பு மூன்று முறை சிசேரியன் ஆன பெண்ணுக்கு வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் தாயும் சேயும் இறந்தார்கள். அக்குபங்சர் வைத்தியர் ஒருவர் கைதானார். இங்கே உயிரைப் பறித்தது ஊசி அல்ல, போகாமல் விட்ட ஆஸ்பத்திரி!

அம்மாயியைக் கூட்டிப்போன இடத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி: "சர்க்கரை மாத்திரையை நிறுத்தணுங்களா?"

"ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க" என்றார்.

அம்மாயி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.